தெர்மாகோல் செல்லும் வெங்காயச் செல்லும்

கேள்வி இதுதான்: “ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளிடம் தாவரச் செல் மாடல் செய்துவரச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்டேஷனரி கடையில் ரெடிமேடாகவே கிடைக்கிறது. வீட்டில் செய்தால் அவள் உண்மையிலேயே ஏதாவது கற்றுக்கொள்வாளா? எதை வைத்து, எப்படிச் செய்வது?”

நிச்சயமாகக் கற்றுக்கொள்வாள். ஆனால் அதற்கு அவள் முதலில் ஒரு செல்லைத் தன் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இது நடப்பதே இல்லை. பாடப்புத்தகத்தில் உள்ள படத்தைப் பார்த்துத் தெர்மாகோலில் வெட்டுகிறோம், கலர் அடிக்கிறோம், குண்டூசியில் பெயர்ச்சீட்டு குத்துகிறோம். படத்திலிருந்து இன்னொரு படம்தான் வருகிறது. பிள்ளைக்குப் பெயர்கள் மனப்பாடமாகும். ஆனால் செல் எவ்வளவு பெரியது, உள்ளே எது எங்கே இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. கண்ணால் பார்த்துவிட்டு, பார்த்ததைக் கையால் செய்ய முயலும்போதுதான் கேள்விகள் பிறக்கும். அந்தக் கேள்விகளுக்காகத்தான் மாடலே.

கடையில் விற்கும் மாடலை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். பச்சை நிறச் செவ்வகம். நடுவில் பெரிய சிவப்பு உருண்டையாக, செல்லின் கட்டுப்பாட்டு மையமான உட்கரு. ஓரத்தில் நீல நிறத்தில் சின்னதாக ஒரு நுண்குமிழ், அதாவது சாறு நிரம்பிய பை. ஆளுக்கொரு மூலையில், ஒளியால் உணவு தயாரிக்கும் பச்சை உறுப்பான பசுங்கணிகங்கள் மூன்று, அதே அளவில், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா இரண்டு. இதில் பெயர்கள் எல்லாம் சரி, மற்றதெல்லாம் ஏறக்குறையத் தவறு. முதிர்ந்த தாவரச் செல்லில் அதிக இடத்தை எடுத்துக்கொள்வது நுண்குமிழ். சில செல்களில் மொத்தக் கொள்ளளவில் 90 சதவீதம் வரை அதுவே நிறைந்திருக்கும். உட்கரு ஓரமாக ஒதுங்கியிருக்கும். இலையின் செல்லில் பசுங்கணிகங்கள் மூன்று அல்ல, பல பத்து இருக்கும். மைட்டோகாண்ட்ரியா அவற்றைவிட மிகச் சிறியவை. இந்த மாடலை மேசையில் ஒரு வருடம் வைத்திருக்கும் பிள்ளை, ஒரு வருடமும் தவறான செல்லைத்தான் மனதில் பதித்துக்கொள்கிறாள்.

ஆகவே முதல் நாள் கத்தரியும் பசையும் வேண்டாம், ஒரு வெங்காயம் போதும்.

பெரிய வெங்காயத்தை நான்காக வெட்டி, சதைப்பற்றான ஓர் இதழை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உட்குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி பிடித்து ஒடித்தால், ஒடிந்த இடத்தில் கண்ணாடி போன்ற மெல்லிய தோல் ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை இடுக்கியால் மெதுவாக உரித்து, விரல்நகத்தில் கால் பங்கு அளவுக்கு வெட்டினால் போதும். கண்ணாடி வில்லையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அதில் சுருங்காமல் விரியுங்கள். பள்ளி ஆய்வகத்தில் சாஃப்ரனின் எனும் சாயம் இருந்தால் ஒரு சொட்டு. வீட்டில் என்றால் காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தை நீர்க்கவைத்து ஒரு சொட்டு. மூடுவில்லையை ஒரு ஓரத்தை ஊன்றிச் சாய்வாக இறக்குங்கள். நேராகப் போட்டால் காற்றுக் குமிழி மாட்டிக்கொள்ளும். இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கறுத்த விளிம்போடு தெரியும் அந்தக் காற்றுக் குமிழியைத்தான் முதல் தடவை பார்க்கும் பிள்ளைகள் பலரும் உட்கரு என்று வரைந்துவிடுவார்கள். வில்லையை விரல்நுனியால் மெல்லத் தட்டச் சொல்லுங்கள். குமிழி நகரும், உட்கரு தன் செல்லை விட்டு நகராது. எது எது என்று அவளே கண்டுபிடித்துவிடுவாள்.

தெரிவது செங்கல் அடுக்கிய சுவர் போன்ற வரிசை. ஒவ்வொரு செல்லும் சுமார் கால் மில்லிமீட்டர் நீளம் இருக்கும். சாயம் ஏறிய உட்கரு சிறு புள்ளியாக, பெரும்பாலும் செல்லின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். நடுவில் ஒன்றுமே இல்லாத மாதிரி வெற்றிடமாகத் தெரிவதுதான் நுண்குமிழ். பார்த்ததை வரையச் சொல்லுங்கள். புத்தகப் படத்தை அன்றைக்கு மூடி வைத்துவிடுங்கள். சற்று நேரத்தில் ஒரு கேள்வி வர வேண்டும்: “பசுங்கணிகம் எங்கே?” வராவிட்டால் நீங்களே கேளுங்கள். மண்ணுக்குள் வளரும் வெங்காயத்தின் உள்ளிதழில் பசுங்கணிகம் கிடையாது. ‘தாவரச் செல் என்றால் பச்சை’ என்ற எண்ணம் அந்த இடத்திலேயே உடைந்துவிடும். இதற்கு எந்த மாடலும் ஈடாகாது.

அடுத்ததாக, முடிந்தால் கட்டாயம் பார்க்க வேண்டியது ரியோ இலை. மேல்பக்கம் பச்சையாகவும் அடிப்பக்கம் கருஞ்சிவப்பு கலந்த ஊதாவாகவும் இருக்கும் அழகுச்செடி. பள்ளித் தோட்டங்களிலும் வீட்டு வாசல் தொட்டிகளிலும் சாதாரணமாக இருக்கும். பதினொன்றாம் பன்னிரண்டாம் வகுப்பு ஆய்வகங்களில் காலங்காலமாக இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது தாராளமாகப் புரியும் என்பது என் அனுபவம். அடிப்பக்கத்து ஊதாத் தோலை உரித்து நுண்ணோக்கியில் வைத்தால், ஊதா நீர் நிரம்பிய அறுகோணக் கட்டங்கள் தெரியும். அந்த ஊதா முழுவதும் நுண்குமிழில் இருக்கும் சாறு. இப்போது மூடுவில்லையின் ஓரத்தில் ஒரு சொட்டு உப்புத்தண்ணீர் விட்டு, எதிர் ஓரத்தில் வடிதாளை வைத்து உறிஞ்சவிடுங்கள். சில நிமிடங்களில் ஊதா சுருங்கி, சுவரை விட்டு விலகி, நடுவில் ஓர் உருண்டையாகத் திரளும். வெளிச்சுவர் மட்டும் அப்படியே கட்டமாக நிற்கும். அதிக நேரம் விடாமல், மறுபடி நல்ல தண்ணீரைச் செலுத்தினால் ஊதா மீண்டும் விரிந்து சுவரைத் தொடும்.

செல் சுவர் வேறு, செல் சவ்வு வேறு என்று எத்தனை முறை கரும்பலகையில் எழுதினாலும் பிள்ளைகளுக்கு அது இரண்டு கோடாகத்தான் தெரியும். ரியோ தோலில் அந்த இரண்டும் கண்ணெதிரே பிரிகின்றன. சவ்வு உள்ளிருப்பதோடு சேர்ந்து சுருங்குகிறது, சுவர் நின்ற இடத்தில் நிற்கிறது. பிறகு மாடல் செய்யும்போது “இரண்டுக்கும் ஒரே அட்டை போதும்” என்று அவள் சொல்லவே மாட்டாள்.

நுண்ணோக்கிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். பள்ளியில் ஒன்றாவது இருக்கும். பெரும்பாலும் பெட்டிக்குள் பூட்டி இருக்கும். ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு ஒரு பீரியட் வாங்குவதுதான் நல்ல வழி. அது இல்லையென்றால் ஃபோல்ட்ஸ்கோப் எனும் காகித நுண்ணோக்கி இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழுவினர் வடிவமைத்து 2014இல் வெளியிட்டார்கள். கெட்டிக் காகிதத்தை மடித்துச் சிறு உருண்டை லென்ஸைப் பொருத்தினால் சுமார் 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். வெங்காயத் தோலுக்கு அது தாராளம். கைப்பேசி கேமராவோடும் ஒட்டிக்கொள்ளலாம். எதுவும் கிடைக்காவிட்டால் நல்ல கைலென்ஸும் பழுத்த தர்பூசணித் துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சதைச் செல்கள் மிகப் பெரியவை. சாய்ந்த வெளிச்சத்தில் நுண்ணிய மணிகளாகத் தெரியும். ஆரஞ்சுச் சுளைக்குள் இருக்கும் சாறுப் பைகளைக் காட்டி “இதுதான் ஒரு செல்” என்று சிலர் சொல்வதுண்டு. அது தவறு. அந்த ஒவ்வொரு பைக்குள்ளும் ஏராளமான செல்கள் இருக்கின்றன.

சமையலறையிலேயே இன்னொன்றும் பார்க்கலாம். பீட்ரூட்டை வட்டமாக நறுக்கி, வெட்டுப்பட்ட நிறம் போகும்வரை நன்றாகக் கழுவுங்கள். ஒரு துண்டைக் குளிர்ந்த தண்ணீரிலும் ஒரு துண்டைக் கொதிநீரிலும் போடுங்கள். குளிர்ந்ததில் நிறம் அதிகம் இறங்காது. கொதிநீர் சற்று நேரத்தில் சிவந்துவிடும். பீட்ரூட்டின் நிறமும் நுண்குமிழில்தான் இருக்கிறது. அதைக் காத்து நின்ற சவ்வுகளைச் சூடு சிதைத்துவிட்டது. சவ்வு என்பது வெறும் கோடல்ல, எதை விடுவது எதை விடாதது என்று தேர்ந்து நிற்கும் ஒன்று என்பது இதில் விளங்கும்.

இனி மாடலுக்கு வருவோம். முதல் முடிவு: எந்தச் செல்? ‘தாவரச் செல்’ என்று பொதுவாக ஒன்று எந்தச் செடியிலும் இல்லை. இலையில் ஒன்று, வேரில் ஒன்று, வெங்காயத்தில் ஒன்று என்று ஒவ்வொன்றும் தன் வேலைக்கேற்ற வடிவில் இருக்கும். புத்தகப் படம் எல்லா உறுப்புகளையும் ஒரே இடத்தில் காட்டுவதற்காகச் சேர்த்து வரைந்தது. அது குற்றமில்லை. ஆனால் மாடலுக்கு ஒரு குறிப்பிட்ட செல்லைத் தேர்ந்தெடுங்கள். என் பரிந்துரை, இலையின் மேல்தோலுக்குக் கீழே நெருக்கமாக நிற்கும் பாலிசேடு செல். உருளை வடிவம். ஒளிச்சேர்க்கையில் பெரும்பங்கு வேலை அங்கேதான் நடக்கிறது. பசுங்கணிகம், நுண்குமிழ், உட்கரு எல்லாமே அதில் உண்டு.

இரண்டாவது முடிவு: எத்தனை மடங்கு? இதைத்தான் யாரும் செய்வதில்லை, இதில்தான் படிப்பு அதிகம். 5,000 மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரோமீட்டர், மாடலில் 5 மில்லிமீட்டர் ஆகும். பாலிசேடு செல் ஏறத்தாழ 60 மைக்ரோமீட்டர் நீளமும் 20 மைக்ரோமீட்டர் அகலமும் இருக்கும் என்று எடுத்தால், மாடல் 30 செ.மீ. உயரம், 10 செ.மீ. அகலம். வீட்டில் சும்மா கிடக்கும் 2 லிட்டர் தண்ணீர் பாட்டில் கிட்டத்தட்ட அதே அளவுதான். உருளை வடிவம், உள்ளே தெரியும், காசு கிடையாது.

மற்றவற்றையும் அதே கணக்கில் அவளையே போடச் சொல்லுங்கள். பசுங்கணிகம் சுமார் 5 மைக்ரோமீட்டர் அகலமும் 2 மைக்ரோமீட்டர் தடிமனும் கொண்ட வில்லை. மாடலில் 2.5 செ.மீ. அகலம், 1 செ.மீ. தடிமன். உட்கரு 8 மைக்ரோமீட்டர் என்றால் 4 செ.மீ., அதாவது டேபிள் டென்னிஸ் பந்து. மைட்டோகாண்ட்ரியா ஒரு மைக்ரோமீட்டரைச் சற்றுத் தாண்டும் நீளம், அதில் பாதிக்கும் குறைந்த அகலம் என்று வைத்தால் ஓர் அரிசிமணி. புரதம் தயாரிக்கும் நுண்துகளான ரைபோசோம் சுமார் 25 நானோமீட்டர் (ஒரு மைக்ரோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு நானோமீட்டர்). 5,000 மடங்கு பெருக்கியும் எட்டில் ஒரு மில்லிமீட்டர்தான். நைஸான கோலமாவில் ஒரு துகள். செல் சவ்வின் தடிமன் 8 நானோமீட்டர் என்று கொண்டால் மாடலில் 0.04 மில்லிமீட்டர், மளிகைக் கடையில் பருப்பு கட்டித்தரும் மெல்லிய பாலித்தீன் கவரின் கனம். செல் சுவர் அதைவிடப் பல மடங்கு தடித்தது. பாட்டிலும் அதன்மேல் சுற்றும் ஒரு துணியும் சேர்ந்தால் சரியாக இருக்கும்.

இந்தக் கணக்கை முடித்ததும் இன்னும் இரண்டு கணக்கு கொடுங்கள். அவள் பார்த்த வெங்காயச் செல் இதே அளவில் எவ்வளவு இருக்கும்? சுமார் ஒன்றேகால் மீட்டர், கிட்டத்தட்ட அவள் உயரம். அவளே 5,000 மடங்கு பெரிதானால்? 140 செ.மீ. உயரம் என்றால் 7 கிலோமீட்டர். ஏழாம் வகுப்பில் விகிதம் படிக்கும் பிள்ளைக்குக் கணக்குப் பாடமும் இதில் அடங்கிவிடுகிறது. செல் எவ்வளவு சிறியது என்பது அந்த 7 கிலோமீட்டரில்தான் உறைக்கும்.

செய்முறை கடினமில்லை. பாட்டிலின் தோள்பட்டைக்குக் கீழே வெட்டும் வேலை மட்டும் உங்களுடையது. வெட்டிய விளிம்பில் டேப் ஒட்டிவிடுங்கள், கையைக் கிழிக்கும். வெளியே பழைய பருத்தி வேட்டித் துணியைச் சுற்றி ஒட்டுங்கள். உள்ளே பார்க்க ஒரு பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஜன்னல் விடுங்கள். ஏன் பருத்தி? செல் சுவர் முக்கியமாக செல்லுலோஸ் இழைகளால் ஆனது. பருத்தி இழையும் ஏறக்குறைய முழுக்க செல்லுலோஸ்தான். அதோடு, ஒவ்வொரு பருத்தி இழையும் பருத்தி விதையின் மேல்தோலிலிருந்து நீண்டு வளர்ந்த ஒரே ஒரு செல். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு வளர்ந்து, உயிர் போனபின் சுவர் மட்டும் மிஞ்சுகிறது. அந்தச் சுவர்களைத்தான் நாம் நூலாக நூற்று உடுத்துகிறோம். உங்கள் மகள் தன் மாடலுக்குச் சுவராகச் சுற்றுவது அசலான செல் சுவர்களையே. 1665இல் ஆங்கில விஞ்ஞானி இராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் பார்த்ததும் இப்படி உள்ளே ஒன்றுமில்லாத இறந்த சுவர்கள்தான்.

பாட்டிலுக்குள் மெல்லிய கவரைச் சுவரோடு ஒட்டினாற்போல் விரித்து, வாயை விளிம்பில் மடித்துவிட்டால் செல் சவ்வு ஆயிற்று. பசுங்கணிகங்களைக் காகிதக்கூழில் செய்யலாம். செய்தித்தாளைக் கிழித்து ஊறவைத்து, கொஞ்சம் ஊறிய வெந்தயத்தோடு அரைத்துப் பிழிந்து கூடை செய்வார்களே நம் பாட்டிமார்கள், அதே கூழ். நாற்பது வில்லைகள் உருட்டித் தட்டி, ஈரமாக இருக்கும்போதே ஊசியால் துளையிட்டு, வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். இரண்டு நாளாவது ஆகும், மழைக்காலம் என்றால் இன்னும் அதிகம். பச்சை வண்ணம் பூசி, மேலே வார்னிஷ் ஒரு கை கொடுங்கள், ஈரம் தாங்கும். அவற்றைக் கவரில் ஒட்ட முயல வேண்டாம். பாலித்தீனில் பசை பிடிக்காது. நான்கைந்து வில்லைகளாக நூலில் சரம் கோத்து, விளிம்பிலிருந்து உள்ளே சுற்றிலும் தொங்கவிடுங்கள். உட்கருவான பந்தையும் ஒரு பக்கத்தில் அப்படியே தொங்கவிடலாம்.

இனி நுண்குமிழ். நீளமான இன்னொரு பாலித்தீன் பையைச் சரங்களுக்கு நடுவே இறக்கி, குவளையால் அளந்து அளந்து தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். முதலில் சரங்கள் தளர்ந்து தொங்கும். பை நிறைய நிறைய அது எல்லாவற்றையும் சுவரை நோக்கித் தள்ளும். பசுங்கணிகங்கள் சுவரோடு சுவராக நிற்கும். பந்து ஓர் ஓரத்தில் நெருக்கப்பட்டு ஒதுங்கும். நுண்ணோக்கியில் உட்கரு ஏன் ஓரமாகத் தெரிந்தது என்பதற்குப் பதில் அவள் கையிலேயே நடக்கிறது. எவ்வளவு ஊற்றினாள் என்று கேளுங்கள். ஒன்றேகால் லிட்டருக்கு மேல் போகும். இரண்டு லிட்டர் செல்லில் நுண்குமிழின் பங்கு எவ்வளவு என்று சதவீதம் போடச் சொல்லுங்கள். அந்த எண் அவளுக்கு மறக்காது, அவளே ஊற்றியது.

நிறைந்ததும் பையின் வாயைக் கட்டிவிட்டு, சரங்களுக்கிடையே ஒரு பிடி அரிசியைத் தூவி, மேல்பகுதியை டேப்பால் பொருத்திவிடலாம். செல்லின் மற்ற நுண்ணுறுப்புகளான கோல்கை உறுப்புகளும் எண்டோபிளாச வலைப்பின்னலும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில்தான் தெளிவாகப் புலப்படும். ஏழாம் வகுப்புக்கு விட்டுவிடலாம் என்பது என் கருத்து. ஆசிரியர் கட்டாயம் கேட்டால், மெல்லிய டிஷ்யூ காகிதத்தை உட்கருவைச் சுற்றி மடிப்பு மடிப்பாக வையுங்கள்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. உட்கரு சிவப்பல்ல, மைட்டோகாண்ட்ரியா ஆரஞ்சும் அல்ல. இலைச் செல்லில் இயல்பாக நிறமுள்ளது பசுங்கணிகம் மட்டுமே. ரியோ, பீட்ரூட் போன்றவற்றில் நுண்குமிழ்ச் சாறும். மற்றவை நிறமற்றவை, அதனால்தான் சாயம் ஏற்றிப் பார்க்கிறோம். ஆகவே பந்தை வெள்ளையாகவே விடுங்கள். கண்காட்சியில் பளிச்சென்று இருக்காது என்று பிள்ளை வருத்தப்படலாம். “ஏன் கலர் அடிக்கவில்லை?” என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு அவளிடம் பதில் இருக்கும், அது வண்ணத்தைவிடப் பளிச்சென்று இருக்கும்.

செல் ஏன் தண்ணீரால் விறைத்து நிற்க வேண்டும் என்பதற்குத் தனியாக ஒரு குட்டி மாடல் செய்யலாம், ஐந்து நிமிட வேலை. பருத்தித் துணியில் சிறு பை தைத்து, உள்ளே பலூனை வைத்து ஊதுங்கள். தனியாக ஊதினால் பலூன் ஒரு கட்டத்தில் வெடிக்கும். பைக்குள் ஊதினால் துணி அதைத் தடுத்து நிறுத்தும், இரண்டும் சேர்ந்து கல்லுப்போல் விறைக்கும். காற்றை விட்டால் பை தொய்ந்து விழும். காலையில் தண்ணீர் ஊற்ற மறந்த துளசி மத்தியானம் தலை தொங்கி நிற்பதும், ஊற்றியபின் சாயங்காலம் நிமிர்வதும் இதுதான். சுவர் மட்டும் இருந்தாலும் நிற்காது, தண்ணீர் மட்டும் இருந்தாலும் நிற்காது.

செல்லுக்குள் உறுப்புகளைச் சூழ்ந்திருக்கும் கூழான சைட்டோபிளாசத்துக்கு ஜெல்லி ஊற்ற ஆசைப்பட்டால் ஜெலட்டின் வாங்காதீர்கள். நம் ஊர் வெயிலில் அது உருகி ஓடிவிடும், பள்ளி பஸ்ஸிலேயே கதை முடிந்துவிடும். அகர்அகர் எனும் கடல்பாசி வாங்குங்கள், நோன்புக் காலத்தில் கடல்பாசி இனிப்பு செய்வார்களே, அதுதான். காய்ச்சி ஊற்றினால் அறை வெப்பத்திலேயே உறையும், உறைந்தபின் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் மறுபடி உருகும். சர்க்கரை சேர்க்காதீர்கள், எறும்பு மொய்க்கும். இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் முந்தின நாள் இரவு ஊற்றினால் போதும். கடல்பாசியே சிவப்புக் கடற்பாசிகளின் செல் சுவரிலிருந்து எடுப்பது. இராமநாதபுரம் கடலோரத்தில் பெண்கள் மூழ்கிச் சேகரிக்கும் பாசிகளிலிருந்தும் அது வருகிறது. அவள் ஆசிரியரிடம் சொல்ல இதுவும் ஒரு நல்ல செய்தி.

ஒருவேளை பள்ளியில் தெர்மாகோலில்தான் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னால், இதே அளவுக் கணக்கில் நீளவெட்டுத் தோற்றமாகச் செய்யுங்கள். ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்காதீர்கள், அதில் உள்ள கரைப்பான் தெர்மாகோலை அரித்துத் தின்றுவிடும். போஸ்டர் கலரும் ஃபெவிகாலும் பாதுகாப்பானவை. சூடான கம்பியால் வெட்டும்போது வரும் புகை நல்லதல்ல, பிள்ளையிடம் அந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

மாடல் முடிந்ததும் நான் எப்போதும் கேட்பது ஒரு தாள். தலைப்பு: “என் மாடலில் எதெல்லாம் உண்மையில்லை?” அவள் எழுத வேண்டியது நிறைய இருக்கும். உண்மையான செல்லில் எதுவும் நூலில் தொங்குவதில்லை. எல்லாம் அசைந்துகொண்டே இருக்கும். குளத்தில் வளரும் ஹைட்ரில்லா இலையை உரிக்காமல் சாயமேற்றாமல் அப்படியே நுண்ணோக்கியில் வைத்தால், பசுங்கணிகங்கள் சுவரோரமாக வலம் வருவதையே பார்க்கலாம். உண்மையான செல் தனித்து நிற்பதில்லை, பக்கத்துச் செல்லோடு சுவரில் உள்ள நுண்துளைகள் வழியே தொடர்பில் இருக்கிறது. பாலித்தீன் தண்ணீரை விடாது, உண்மையான சவ்வு விடும். அரிசிமணி உயிரற்றது, மைட்டோகாண்ட்ரியா பிளந்து பெருகும். இந்தத் தாளை எழுத முடிகிற பிள்ளை செல்லைப் புரிந்துகொண்டுவிட்டாள். ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: மதிப்பெண்ணில் பாதியை இந்தத் தாளுக்குக் கொடுங்கள். அழகுக்கு மதிப்பெண் என்று தெரிந்துவிட்டால் அப்பா அம்மாதான் மாடல் செய்வார்கள். வசதியில்லாத வீட்டுப் பிள்ளை வெட்கத்தோடு வகுப்புக்கு வரும். பாட்டில், துணி, அரிசி எல்லோர் வீட்டிலும் இருக்கும்.

வகுப்பே சேர்ந்து செய்தால் இன்னும் சிறப்பு. ஆளுக்கொரு பாட்டில் செல் செய்து, எல்லாவற்றையும் நெருக்கமாக நிறுத்திவைத்தால் ஓர் இலையின் குறுக்குவெட்டே வகுப்பறையில் எழும். பாலிசேடு செல்கள் ஏன் நின்ற வாக்கில் இருக்கின்றன, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, காற்று எந்த வழியே நுழையும் என்று பேச ஆரம்பிக்கலாம். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளை வகுப்பில் இருந்தால் இந்த மாடலின் மதிப்பு இரட்டிப்பு. துணியின் சொரசொரப்பு, கவரின் வழவழப்பு, தண்ணீர்ப் பையின் அழுத்தம், வில்லை எது பந்து எது என்று விரல்களுக்குத் தெரியும். நுண்ணோக்கி அந்தப் பிள்ளைக்குத் தராததை இது தரும். அதனால் எதையும் மூடி ஒட்டிவிடாமல், திறந்து கைவிட்டுப் பார்க்கும்படி வையுங்கள். மூன்றாம் நான்காம் வகுப்புத் தம்பி தங்கை வீட்டில் இருந்தால் அவர்களுக்கு அளவுக் கணக்கெல்லாம் வேண்டாம். டப்பா, தண்ணீர்ப் பை, பச்சைக் களிமண் உருண்டைகள் போதும்.

கண்காட்சிக்குப் போகுமுன் சில கேள்விகளைக் கேட்டுப் பழக்குங்கள். இந்தச் செல்லை உப்புத்தண்ணீரில் வைத்தால் உன் மாடலில் எது மாறும், எது மாறாது? இதையே வேர்ச் செல்லாக மாற்றச் சொன்னால் எதை வெளியே எடுப்பாய்? நம் கன்னத்தின் உட்புறச் செல்லாக மாற்றுவதென்றால்? முதல் கேள்விக்கு ரியோ தோல் பதில் சொல்லும். இரண்டாவதற்குப் பசுங்கணிகச் சரங்களை உருவி எடுத்தால் போதும். மூன்றாவதற்குத் துணி, பாட்டில், தண்ணீர்ப் பை எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் கையில் தொளதொளவென்று ஒரு கவரும் பந்தும் அரிசியும்தான் மிஞ்சும். விலங்குச் செல்லுக்கும் தாவரச் செல்லுக்கும் உள்ள வேறுபாட்டை அட்டவணையாக மனப்பாடம் செய்யும் வேலை இல்லை.

இதில் ருசி கண்டுவிட்டால் அடுத்து அவள் செய்யத் தகுந்தது, இலையில் காற்று போய்வரும் இலைத்துளையைத் திறந்து மூடும் காப்புச் செல்கள். நீளமான பலூன் இரண்டு, ஒவ்வொன்றின் ஒரு பக்கத்தில் நீளவாக்கில் செல்லோடேப். டேப் ஒட்டிய பக்கங்கள் எதிரெதிரே இருக்கும்படி இரண்டு நுனிகளையும் சேர்த்துக் கட்டி ஊதினால், டேப் உள்ள பக்கம் நீள முடியாமல் இரண்டும் வில்லாக வளையும், நடுவில் துளை திறக்கும். காற்றை இறக்கினால் துளை மூடும். இதற்கும் முதலில் ரியோ இலையின் அடித்தோலைத்தான் பார்க்க வேண்டும். ஊதாச் செல்களுக்கு நடுவே பச்சையாக ஜோடி ஜோடியாகத் தெரிபவை காப்புச் செல்கள். உப்புத்தண்ணீர் விடும் முன்பே அவற்றையும் வரைந்துகொள்ளச் சொல்லுங்கள்.